விளக்கைக் கீழே இறக்கச் சொன்னவர்

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் முதலில் மனிதர்களைப் பார்க்கமாட்டார். தரையைப் பார்ப்பார். பிறகு குளியலறை வாசலில் கிடக்கும் சிலிப்பரைக் குனிந்து எடுத்து, புரட்டி, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவுவார். வழவழவென்று தேய்ந்திருந்தால் யாரையும் கேட்காமல் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து, "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்பார்.

மலேசியாவில், மலாக்காவை ஒட்டிய பாயா ரும்புட்டில் எங்கள் வட்டாரத்துக் கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொண்ட அரசாங்கக் கிளினிக்கின் மிஸி அவர். தாதி என்று எழுதலாம். ஆனால் இங்கே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. குள்ளமான, பருத்த உடம்பு. ஐம்பதை நெருங்கிய வயது. மோட்டாரில், அதாவது மோட்டார் சைக்கிளில்தான், வருவார். பெயரை எழுதப்போவதில்லை. அவர் பெயரை நான் முன்பு ஒருமுறை ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறேன். அது போதும்.

போன மாதம் அவர் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து இரண்டு வார்த்தை பேசினார்கள். ஒருத்தி தன் மகனை முன்னால் நிறுத்தி, "இவன் மிஸி பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். என்னையும் பேசச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அல்லவா. தொண்டை சரியில்லை என்று கையைக் காட்டினேன். அன்று பேசாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அவர் நோய்களைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. "பெரிய விஷயத்தையெல்லாம் டாக்டர் பாத்துக்குவாரு. எனக்கு வாளி, ஸ்டூலு, சிலிப்பரு" என்பார். வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி ஒரு நாளில் செய்கிற நூறு சின்னக் காரியங்களை அவர் வரிசையாக மனத்தில் வைத்திருந்தார். தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்குவது, கேஸ் சிலிண்டரை உருட்டுவது, ஈரத் தரையில் அவசரமாக நடந்து போய் அடுப்பை அணைப்பது, படுக்கையிலிருந்து சட்டென்று நிமிர்ந்து எழுவது. ஒவ்வொன்றையும் தானே செய்துகாட்டுவார். ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி, காலைக் கீழே தொங்கவிட்டு எழுவது எப்படி என்று எங்கள் வீட்டு சோபாவிலேயே படுத்துக்காட்டினார். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர் இப்படியா நடந்துகொள்வது என்று தோன்றியது.

தெங்கேராவில் நான் வழக்கமாக மசாலைத் தூள் வாங்கும் கடைக்காரர் ஒருவர் உண்டு. பாய் என்று கூப்பிடுவோம். கீழே கடை, மேலே குடித்தனம், நடுவில் செங்குத்தான பழைய மரப்படி. மிஸி டவுன் கிளினிக்கில் இருந்த காலத்தில் பாயின் மனைவி முழுகாமல் இருந்தார். படுக்கையைக் கீழே கொண்டுவரச் சொல்லி மிஸி மூன்று தடவை சொன்னாராம். தன் அம்மா இதே படியில் ஏறி இறங்கித்தான் ஆறு பெற்றார் என்று பாய் மூன்று தடவையும் சிரித்தாராம். நான்காம் தடவை மிஸி ஐந்து கிலோ அரிசி மூட்டையை எடுத்துக் கைலியால் பாயின் வயிற்றில் இறுக்கிக் கட்டி, கையில் துணி வாளியையும் கொடுத்து, மேலேயிருந்து இறங்கி வரச் சொல்லிவிட்டார்.

"மிஸி என்னையே பிள்ளத்தாச்சி ஆக்கிட்டாங்க சார்" என்று தூளைப் பொட்டலம் கட்டிக்கொண்டே பாய் சொன்னார். பிறகு கை நின்றது. "நாலு படிதான் எறங்கினேன். என் காலு எனக்குத் தெரியல."

அன்று மாலையே படுக்கை கீழே வந்துவிட்டது. பாய் இதைச் சொன்னபோது நானும் சிரித்தேன். அடுத்தவர் வீட்டுக் கதை என்பதால் சிரிக்க முடிந்தது.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது என் மருமகள் மேகலாவுக்காக. என் மனைவி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் சுங்கை ஊடாங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்தான். பகலில் பெரும்பாலும் நானும் மேகலாவும்தான். அவள் என்னிடம் அதிகம் பேசமாட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். நல்ல பெண் என்று எல்லாரிடமும் அவளைப் புகழ்வேன். அந்தப் புகழ்ச்சியில் பாதி, அவள் என்னை எதிர்த்துக் கேட்பதில்லை என்பதற்காகத்தான்.

முதல் நாளே என் சிலிப்பரைக் குப்பையில் போட்டார் மிஸி. "சார், இது சிலிப்பர் இல்ல. சறுக்குமரம்" என்றார். மேகலா உள்ளே போய்விட்டாள், சிரிப்பை மறைக்க.

இன்னொரு நாள் மகனும் மருமகளும் காரில் புறப்படும் நேரத்தில் மோட்டார் வந்து நின்றது. மிஸி கண்ணாடியைத் தட்டி இறக்கச் சொன்னார். மேகலா பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டிருந்தாள். பிள்ளையை அழுத்தும் என்று அப்படிச் சொல்லிக்கொடுத்தவன் நான். மிஸி கையை உள்ளே விட்டு, கீழ்ப் பட்டையை வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பின் மேல் இழுத்து வைத்தார். மேல் பட்டையை மார்புக்கு நடுவே ஒதுக்கினார். "இப்படிப் போட்டா உன்னையும் புடிச்சுக்கும், பிள்ளையையும் நசுக்காது. போடாம மட்டும் போகாதம்மா" என்றார். யார் போடவேண்டாம் என்று சொன்னது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மேகலா சொல்லியிருக்கமாட்டாள்.

இப்போது சாமி மேடைக்கு வருகிறேன்.

ரப்பர் தோட்டத்திலிருந்து இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, சாமி படமும் விளக்கும் வைக்கும் பலகையான சாமி மேடையை நானே சுவரில் அடித்தேன். நான் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. என் மனைவியும் நல்ல உயரம். எங்கள் கைக்கு எட்டும் உயரத்தில் மேடை அமைந்தது. மேகலா குள்ளம். தினமும் மாலை ஏழு மணிக்குச் சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஏறி, எண்ணெய் ஊற்றி, திரி தூண்டி, விளக்கேற்றி இறங்குவாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அப்படித்தான். ஆறாம் மாதத்திலும் அப்படியே ஏறினாள்.

மிஸி அதைக் கண்டது தற்செயலாக. அன்று தாமதமாக, மகனும் வீட்டில் இருந்த நேரத்தில் வந்தார். உள்ளே நுழையும்போது மேகலா ஸ்டூலின் மேல் நின்றிருந்தாள். மிஸி சத்தம் போடவில்லை. பக்கத்தில் போய் இரண்டு கைகளாலும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இறங்கும்வரை விடவில்லை. பிறகு ஸ்டூலின் காலை ஆட்டிப் பார்த்தார். பளிங்கு போன்ற எங்கள் தரையில் அது வழுக்கியது.

"பிள்ளை பொறக்கற வரைக்கும் விளக்கு கீழ ஒரு மேசையில இருக்கட்டும் சார். இல்லன்னா நீங்கதான் நல்ல உயரமாச்சே. நீங்களே ஏத்திடலாம்" என்றார்.

எங்கள் வீட்டில் விளக்கேற்றுவது பெண்கள்தான் என்றேன். என் மனைவி ஒருநாள்கூடத் தவறியதில்லை என்றும் சொன்னேன். அரிசி மூட்டை இருக்கிறதா என்று அவர் என் மகனிடம் கேட்டார். அந்த விளையாட்டெல்லாம் இங்கே வேண்டாம் என்றேன். என் குரல் மாறியதை அவர் கவனித்திருக்கவேண்டும். சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார்.

"அப்ப ஒரு மூணு மாசம் நீங்களே பொம்பளையா இருந்துடுங்க சார்."

மகன் வாய்விட்டுச் சிரித்தான். மேகலாவும் சிரித்தாள். இந்த முறை உள்ளே போகவில்லை. அவள் சிரித்து என் வீட்டில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்டு மகிழ்ந்திருக்கவேண்டியவன் நான். மறுநாள் காலை உட்கார்ந்து கடிதம் எழுதினேன்.

கடிதம் எழுதுவது என் பெருமை. தோட்டத்துப் பள்ளியில் வேலை பார்த்த காலம் முழுக்க மற்றவர்களுக்காக மலாய் மொழியில் கடிதம் எழுதியிருக்கிறேன். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்கு, வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டவர்களுக்கு, கோயில் நிலத்துக்கு. என் கடிதத்துக்குப் பதில் வராமல் போனதில்லை என்று ஜனங்கள் சொல்வார்கள். அத்தனை பேருக்கு எழுதிய அதே கையால், கர்ப்பிணி வீடுகளுக்கு வரும் தாதி என்று அவர் பெயரைப் போட்டு, அவர் குடும்பங்களைப் பயமுறுத்துவதாகவும், பெரியவர்களை அவமதிப்பதாகவும், எங்கள் தெய்வத்தை அகற்றச் சொன்னதாகவும் எழுதினேன். கடைசியில் சொன்னது பொய். அவர் விளக்கைத்தான் இறக்கச் சொன்னார். இந்த நாட்டில் எந்த வரிக்கு அதிகாரிகள் பயப்படுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன்.

அதற்குள் மகன் ஒரு சின்ன மேசையைச் சாமி மேடைக்கு அடியில் போட்டு, விளக்கைக் கீழே வைத்துவிட்டான். மூன்று வாரம் மேகலா தரையில் நின்றபடியே விளக்கேற்றினாள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

பதில் வந்தது. தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று இருந்தது. மிஸியை ஜாசின் பக்கம் மாற்றியிருந்தார்கள். புதிதாக வந்த தாதி சின்னப் பெண். மரியாதையாகப் பேசினாள், எழுதவேண்டியதை எழுதிக்கொண்டு போனாள். அன்று மாலை, மகன் வேலைக்குப் போனபிறகு, விளக்கை என் கையால் எடுத்து மேலே வைத்தேன். மேசையைப் பின்கட்டில் போட்டேன்.

மேகலா வந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போய் ஸ்டூலை எடுத்துவந்தாள். கணவனிடமும் அவள் சொல்லவில்லை. வீட்டுக்குள் சண்டை வரக்கூடாது என்று நினைத்திருப்பாள்.

எட்டாம் நாள் விழுந்தாள். முப்பதாவது வாரம். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் எனக்கும் பத்தடி இருக்கும். பெரிய சத்தம்கூட இல்லை. திரும்பிப் பார்த்தபோது தரையில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டூல் சுவரோரம் போய்க் கிடந்தது.

"எண்ணெய் கொட்டிடுச்சு மாமா. தொடச்சிடறேன்" என்றாள்.

வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். எங்கே அடி என்று கேட்டேன். வயிற்றின் பக்கவாட்டைத் தொட்டுக்காட்டி, லேசாகத்தான் என்றாள். மைலோ கலக்கிக் கொடுத்து, படுத்துக்கொள்ளச் சொன்னேன். அவளுடைய பிங்க் புத்தகத்தின் முதல் பக்கத்தில், கிளினிக்கில் கொடுக்கும் அந்தக் கர்ப்பிணிப் புத்தகத்தில்தான், மிஸி தன் கையால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: விழுந்தால், வலி இல்லாவிட்டாலும், ரத்தம் வராவிட்டாலும், உடனே வரவும். அந்த வரியை நான் படித்திருக்கிறேன். அதில் விடுபட்டிருந்த ஓர் ஒற்றெழுத்தைச் சிவப்பு மையால் சேர்த்தவனே நான்தான். ஆனாலும் மகன் ஷிப்ட் முடிந்து வரட்டும் என்று இருந்தேன். அவனுக்கு உடனே போன் செய்திருந்தால், விளக்கு எப்படி மேலே போனது என்று கேட்டிருப்பான்.

மூன்று மணி நேரம் அப்படிப் போனது. வயிறு கல் மாதிரி இறுகுது மாமா என்று அவள் சொன்னபோது மகனின் கார் வாசலுக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் துடிப்பைத் தேடினார்கள். வெகுநேரம் தேடினார்கள். விழுந்த வேகத்தில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிந்துவிட்டது என்றார் டாக்டர். எத்தனை மணிக்கு விழுந்தாள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

பெண் பிள்ளை. மூக்கு என் மனைவியின் மூக்கு.

மூன்றாம் நாள், மேகலாவின் கட்டிலருகே நின்று என் மகன் கேட்டான்: "விளக்க யாரு மேல வச்சது?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். மேகலா, "நான்தாங்க" என்றாள்.

அவன் அவளைத் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இரண்டு மாதத்தில் அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு பையன் பிறந்தான். அவனைச் சுமந்த காலம் முழுக்க மேகலா என் வீட்டுப் படி ஏறவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. மகனே, இதைப் படிக்கும்போது உனக்குத் தெரியவேண்டும். மேலே வைத்தது நான்.

மிஸியை மறுபடி பார்த்தது ஐந்தாறு மாதம் கழித்து, பாயின் கடையில். லீவு நாள் போலிருக்கிறது, சேலை கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கடிதத்தைப் பற்றித் தெரியாது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன குழந்தை சார்?"

"பொம்பளப் பிள்ளை" என்றேன். அது உண்மை.

"தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்களா?"

நல்லா இருக்காங்க என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். விளக்கு இப்போதும் மேலேதான் இருக்கிறது, மேகலா கடைசி மாதம் வரைக்கும் ஏறித்தான் ஏற்றினாள், ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். என் கடிதம் சரியாகவே இருந்தது என்று யாராவது ஒருவர் நம்பவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்திருக்கிறது.

அவர் என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, எதிரே துணிக்கடைக்கு ஓடி, ஒரு சின்னப் பருத்தித் தொப்பி வாங்கிவந்து கொடுத்தார். மஞ்சள் நிறம். வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்கு அடுத்த ஆண்டு தீபாவளிக்கு நாலைந்து நாள் முன்பு ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். என் பழைய மாணவன் ஒருவன் அங்கே லோரி ஓட்டுகிறான். அவன் மகளுக்கு எட்டாம் மாதம். நான் போன நேரம் அந்தப் பெண் சாப்பாட்டு நாற்காலியின் மேல் நின்று புதுத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணைத் திருப்பிக்கொண்டேன். என்னால் எழுந்து போய்ச் சொல்ல முடியவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அப்போது வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. மிஸி உள்ளே வந்தார். எனக்கு உயிர் வந்தது. இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தேன்.

அவர் நாற்காலியைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு உட்கார்ந்து பையைத் திறந்தார். "எறங்கி வாம்மா, பிரஷர் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். பார்த்தார், புத்தகத்தில் எழுதினார், பிள்ளையின் துடிப்பைக் கேட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அந்தப் பெண் மறுபடி நாற்காலியில் ஏறினாள். மிஸி பையை மூடிக்கொண்டு வெளியே நடந்தார்.

நான் பின்னாலேயே போனேன். நாற்காலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டேன்.

"உங்க வீட்டுலதான் சார் கத்துக்கிட்டேன்" என்று சிரித்தார். "அன்னிக்கி என்ன ஆட்டம் ஆடினேன். மேகலா கடைசி வரைக்கும் ஏறி எறங்கி நல்லபடியா பெத்துக்கிட்டா. நான்தான் எல்லாரையும் சும்மா மெரட்டிக்கிட்டு இருந்திருக்கேன். இப்ப பிரஷரு, சீனி, துடிப்பு. அதோட சரி லா." ஹெல்மெட்டைக் கையில் எடுத்தவர், "பாப்பா ஓடுதா சார்?" என்று கேட்டார்.

"பாப்பா இல்ல மிஸி" என்றேன்.

மோட்டாரின் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், கார்டில் எழுதுவதற்குக் கேட்பவர் போல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"எத்தனாவது வாரம்?"

"முப்பது."

"விழுந்து எவ்வளவு நேரம் கழிச்சுப் போனீங்க?"

"மூணு மணி நேரம்."

"புத்தகத்துல எழுதியிருந்தேனே சார்."

"படிச்சேன்."

அவர் மோட்டாரின் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டார். கடிதம் எழுதியவனும் நான்தான் என்றேன்.

"தெரியும். காமிச்சாங்க. நல்லா எழுதியிருந்தீங்க."

அதில் குத்தல் எதுவும் இல்லை. அவருக்குக் குத்திப் பேசத் தெரியாது. மேகலா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். இருக்கிறாள், என்னோடு இல்லை என்றேன். தலையை ஆட்டினார். பிறகு என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனார்.

"எறங்கும்மா" என்ற குரல் வெளியே கேட்டது. அந்தப் பெண் ஏதோ சொல்லிச் சிரித்தாள். "எறங்கு. அப்பாவ மாட்டச் சொல்லு. திரை மாட்டாமலே கெடந்தாலும் தீபாவளி வரும்." அந்த நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வெளித் திண்டில் வைத்தார். கண் சிவந்திருந்தது. ஆனால் அழவில்லை.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. தெருவைப் பார்த்து, உதட்டுக்குள் பெயர்களைச் சொல்லி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு கை விரல்கள் முடிந்து எண்ணிக்கை அடுத்த கைக்குப் போனது.

"ஏழு வீட்டுல இப்படி வாய மூடிக்கிட்டு வந்திருக்கேன் சார்" என்றார். ஹெல்மெட் வாரை மாட்டப் போனார், கொக்கி விழவில்லை. மூன்றாம் தடவைதான் மாட்டினார்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அன்று அவர் மோட்டார் செம்மண் பாதையில் திரும்பி மறையும்வரை நின்று பார்த்தேன். மணி ஐந்தரை. வீடுகளில் விளக்கேற்ற இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.